சப்பாத்திக்கள்ளி

சப்பாத்திக்கள்ளி அல்லது நாகதாளி என்பது காக்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த, உண்ணத்தக்க பழம் தரும் ஒரு முட்செடி ஆகும். இதன் அறிவியல் பெயர் ஒபன்சியா தில்லெனியை. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இது, தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் தானாகவே பரவியுள்ளது. நீலகிரி மாவட்டத்தில் இதனைக் காண விரும்புவோர் உதகமண்டலத்திலோ குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களிலோ தேடுவதில் பயனில்லை. மலையின் வடபுறம் மழைமறைவில் அமைந்த சீகூர் பீடபூமியின் முட்புதர்க் காடுகளே இதற்கு ஏற்ற இடம்.

தோற்றம்

இலை எனப் பலரும் கருதும் தட்டையான பச்சைப் பகுதி உண்மையில் தண்டு ஆகும். நீரைச் சேமிப்பதும் உணவு தயாரிப்பதும் அதுவே. பூக்கள் மஞ்சள் நிறமானவை. பெயரில் கள்ளி என இருப்பினும், இது சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றுக்கு உறவன்று. அவை யூபோர்பியேசியே குடும்பத்தவை. ஒடித்தால் வடியும் பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வருவதில்லை.

பழம்

முதிர்ந்த பழம் கருஞ்சிவப்பு நிறமும் இனிப்புச் சுவையும் உடையது. உண்டவரின் நாவும் உதடும் சிவந்துவிடும். பெரிய முட்களைவிடக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்முட்களே ஆபத்தானவை. கொத்துக் கொத்தாக அமைந்த இவை தொட்டவுடன் தோலில் தைத்துக்கொள்ளும். ஆகவே பழத்தைக் குச்சியால் பறித்து, மணலில் நன்கு உருட்டி அல்லது தீயில் வாட்டி, தோலை முழுவதும் நீக்கிய பின்னரே உண்ண வேண்டும். விதைகள் மிகக் கடினமானவை.

பூச்சியும் கள்ளியும்

கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைத்தது. அதற்காக 1795இல் பிரேசிலில் இருந்து வங்காளத்துக்குப் பூச்சிகள் கொண்டுவரப்பட்டன. வந்ததோ தரமான சாயப்பூச்சி அன்று, வேறோர் இனம். சாய வணிகம் செழிக்கவில்லை. ஆனால் அப்பூச்சி ஒபன்சியா மொனகாந்தா என்னும் மற்றொரு கள்ளியை அழித்தது. இதைக் கண்டு 1860களில் அதே பூச்சியை இலங்கைக்கும் கொண்டுசென்றனர்.

எனினும் அது சப்பாத்திக்கள்ளியைத் தீண்டவில்லை. விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் இக்கள்ளி மூடியதால், 1926இல் தாக்டிலோபியசு ஒபன்சியே என்னும் பிறிதோர் இனப் பூச்சி, இம்முறை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பில் கள்ளி பட்டுப்போனது. முற்றிலும் அழியவில்லை. பழம் தின்னும் பறவைகளும் விலங்குகளும் விதையைப் பரப்புவதாலும், உடைந்து விழும் தண்டுத் துண்டுகள் வேரூன்றுவதாலும், எஞ்சிய செடிகள் புதர்க்காடுகளில் இன்றும் தழைக்கின்றன. அவற்றின் தண்டில் பஞ்சுபோன்ற வெண்திட்டு தென்பட்டு, நசுக்கும்போது சிவப்புச் சாறு வருமாயின், அது கொச்சினீல் பூச்சியாகும்.