கொச்சியில் அச்சேறிய விசுவாசமும் பாவமன்னிப்பும்

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்துகையில் அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது வெலிங்டன் தீவு. அதற்கு எதிரே மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் அமைந்துள்ளன. அத்தீவு தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே கொச்சி தமிழ் அச்சு வரலாற்றில் இடம்பெற்றது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சேற்றிய அண்ட்ரிக் அடிகளார், கொச்சியில் 1579இல் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580இல் 'கொம்பெசியோனாயரு' ஆகிய நூல்களை வெளியிட்டார். முன்னது வினாவிடை வடிவில் விசுவாசத்தைக் கற்பிப்பது. பின்னது பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டுவது.

இவ்வரிசை கருதத்தக்கது. மனப்பாடம் செய்த செபத்தைப் பிறமொழியிலும் சொல்லலாம். செய்த குற்றத்தையோ தன் மொழியில்தான் சொல்ல இயலும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மொழிபெயர்ப்பாளர்களைச் சார்ந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாமவர் செவி இருப்பின் மனம் திறப்பது அரிது. 1546இல் இந்தியா வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று இலக்கணமும் எழுதியதன் பயனை இங்குக் காணலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென 1215ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கம் விதித்திருந்தது. ஆயின் இயேசு கற்பித்த செபம் அன்றன்றைய உணவோடு மன்னிப்பையும் வேண்டுகிறது. பிறரை மன்னிப்பதையும் அதனோடு இணைக்கிறது. ஆண்டுக் கடமையை நாள்தோறும் வாழும் நெறியாக்குவது இவ்விணைப்பே.

மறைந்துபோனதாகக் கருதப்பட்ட 'கொம்பெசியோனாயரு' குறித்து 1982இல் கிரகாம் ஷா எழுதினார். அச்செழுத்தின் தொன்மைக்காக மட்டுமன்றி, கடலோர மக்கள் தம் குற்றத்தைத் தமிழில் சொல்லி மன்னிப்புப் பெற வழிசெய்த ஆவணமாகவும் அந்நூல் ஆராயப்பட வேண்டும்.