மெய்ப்பொருள் நாயனார்

மெய்ப்பொருள் நாயனார், சைவ அடியார் அறுபத்துமூவருள் ஒருவர். தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு சேதி நாட்டை ஆண்ட குறுநில மன்னர். அவ்வூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திருக்கோவிலூர் என வழங்குகிறது. புதுச்சேரியிலிருந்து மூலக்குளம், வில்லியனூர் வழியாக விழுப்புரம் சென்று, மேலும் மேற்கே போனால் அவ்வூரை அடையலாம். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் பெயர் சொல்லி வணங்குவதால், நாயனார் அவருக்கு முற்பட்டவர்.

வரலாறு

இவர் கதையை விரிவாகச் சொல்வது, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். சிவனடியார் வேடத்தையே மெய்யான பொருளென்று கொண்டு வாழ்ந்த இம்மன்னரிடம் முத்தநாதன் என்ற பகையரசன் பலமுறை போரிட்டுத் தோற்றான். களத்தில் வெல்ல முடியாதவரை அவருடைய பக்தியை வைத்தே வெல்லலாம் என்று தீர்மானித்தான். மேனியெங்கும் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, புத்தகக் கவளிகைக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு இரவில் அரண்மனைக்கு வந்தான்.

வாயில்கள் எல்லாம் வழிவிட்டன. கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்து வரவேண்டும் என்று தடுத்தான். மன்னனுக்கு மறைபொருள் உபதேசிக்க வந்தவனைத் தடுக்காதே என்று அதட்டிவிட்டு உள்ளே புகுந்தான் முத்தநாதன். அரசி முதலில் கண்டு அரசரை எழுப்பினாள். உலகில் வேறெங்கும் இல்லாத சிவாகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகவும், தனிமையில்தான் அதைச் சொல்லவேண்டும் என்றும் வந்தவன் சொல்ல, அரசியை உள்ளே அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்தார் மன்னர்.

குத்தினான் என்ற சொல்லைச் சேக்கிழார் இங்கே எழுதவில்லை. வந்தவன் தான் முன்பே எண்ணியிருந்ததைச் செய்தான் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். கொலையைக் காட்டாமல் கொலைகாரன் மனத்தைக் காட்டும் இந்த அடக்கம், புராணத்தின் மிகச் சிறந்த இடங்களுள் வைக்கத்தக்கது. தத்தன் வாளோடு பாய்ந்தான். சாய்ந்துகொண்டிருந்த மன்னர் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்றார். யாரும் இடையூறு செய்யாமல் அவனை ஊர் கடத்தி விட்டுவரும்படி பணித்தார். செய்தி கேட்டுத் திரண்ட ஊரார், அரசன் ஆணை இது என்று தத்தன் சொன்ன பிறகே விலகினர். அவன் திரும்பிவந்து பத்திரமாக விட்டுவந்ததைச் சொல்லும்வரை மன்னர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். பின்பு தம் அரசுரிமைக்கு வருவோரிடம் திருநீற்றுத் தொண்டு தளராமல் நடக்கவேண்டும் என்று கூறிச் சிவனடி சேர்ந்தார்.

வேடம் பொய்யென்று அரசருக்குத் தெரியாமலா போயிற்று என்ற கேள்வி இன்றைய வாசகருக்கு எழுவது இயல்பு. குத்துப்பட்ட பிறகு தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்த பின்னும் காத்தார் என்பதில்தான் கதையின் பாரமெல்லாம் இருக்கிறது. ஏமாந்து இறந்தவர் என்று மட்டும் படித்தால் இவர் ஏன் நாயனார் என்பது விளங்காது.

கல்வெட்டுச் சான்று

சேக்கிழாருக்கு நூறாண்டுக்கும் முன்பே இக்கதை வேரூன்றியிருந்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சாட்சி. முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் கொடுத்த செப்புத் திருமேனிகளின் பட்டியலில் மிலாடுடையார் ஒருவர் வருகிறார். தத்தனைத் தடுத்தபோது சொன்ன ‘இவர் நம்மவர்’ என்ற சொற்களையே அவருக்கு அடைமொழியாகக் கல்வெட்டு சூட்டியிருக்கிறது. கதையை விளக்கவேண்டிய தேவையே அன்று இருக்கவில்லை போலும்.

மிலாடு என்பதும் மலாடு என்பதும் மலையமான்களின் நாடு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி ஆண்டதும் இந்தக் கோவலூரையே. இராசராசனின் தாய் வானவன் மாதேவி இக்குலத்துப் பெண். சோழர்க்கு அடங்கி ஆண்ட பிற்கால மலையமான்கள் சேதிராயர் என்று பட்டம் சூடினர். சேக்கிழாரின் ‘சேதி நாடு’ இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டியது.

ஒப்பீடு

அரசராயிருந்து அடியாரானவர் இவர் ஒருவரல்லர். சேரமான் பெருமாள், கோச்செங்கட்சோழர், நின்றசீர் நெடுமாறர், ஐயடிகள் காடவர்கோன் ஆகியோரும் அறுபத்துமூவருள் உண்டு. வைணவத்தில் குலசேகராழ்வார் இருக்கிறார். ஆனால் மெய்ப்பொருளாருக்கு உண்மையில் நெருங்கியவர்கள் இருவரே. தமக்காக வெட்டப்பட்ட தலைகளின் குவியலில் சடைமுடி ஒன்றைக் கண்டு தீப்புகுந்த புகழ்ச்சோழர் ஒருவர். எதிரியின் நெற்றியில் நீற்றைக் கண்டு, எதிர்ப்பவர் போல வாளோடு வெறுமனே நின்று உயிர்விட்ட ஏனாதிநாதர் மற்றவர். இவர் மன்னரல்லர், வாள்வித்தை பயிற்றியவர்.

கொலையுண்ட மன்னரைப் புனிதராக்கும் வழக்கம் ஐரோப்பாவின் வடகோடியிலும் இருந்தது. நார்வே மன்னர் இரண்டாம் ஓலாவ் 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் இறந்தார். மறு ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். டென்மார்க் மன்னர் நான்காம் கனூட் 1086இல் கலகக்காரரால் ஓடென்ஸ நகரத் தேவாலயத்துக்குள் கொல்லப்பட்டு, 1101இல் புனிதர் பட்டம் பெற்றார். சுவீடனின் எரிக் 1160இல் உப்சாலாவில் மடிந்தார். மூன்று நாடுகளிலும் அவர்கள் எலும்புகள் பேழையில் வைத்து வணங்கப்பட்டன. அடுத்து வந்த அரச குடும்பங்களுக்கு அந்தப் புனிதம் அரியணைக்குப் பக்கபலமாயிற்று. திருக்கோவலூர்க் கதையில் உடலுக்கு மதிப்பில்லை, அற்புதச் சிகிச்சைகளும் இல்லை. கனூட் இறந்தது வரிக்கொடுமையால் மூண்ட கலகத்தில் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். மெய்ப்பொருளாரின் குடிகளோ கொலைகாரனைக் கிழிக்கத் துடித்தவர்கள்.

புதுச்சேரிப் பகுதித் தொடர்பு

திருக்கோவிலூரைத் தொட்டு வரும் பெண்ணையாற்று நீர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. அதே பாகூருக்கு இன்னொரு அரச நாயனாரோடும் உறவுண்டு. கழற்சிங்க நாயனாரைப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அம்மன்னனின் மகன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது.

வழிபாடு

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில், சிவன் அந்தகாசுரனை வதைத்த தலமாக அட்டவீரட்டங்களுள் எண்ணப்படுவது. நாயனாரின் குருபூசை கார்த்திகை மாதம் உத்திர நட்சத்திரத்தில் வருகிறது. அறுபத்துமூவர் வரிசை உள்ள சிவாலயங்கள் எல்லாவற்றிலும் இவருக்குத் திருமேனி உண்டு. பெரியபுராண முறைப்படி அடுக்கியிருந்தால், இளையான்குடி மாறருக்கு அடுத்து, விறன்மிண்டருக்கு முன்னால் நிற்பவர் இவர்.