பொம்மை ரயிலின் குரலும் எட்டாம் எண்ணும்

இம்மாத உரை, மாதிரி ரயில் என்ஜினுக்குள் இருக்கும் ஒலி டிகோடரைப் பற்றியும், அதை 'ரீசெட்' செய்யும் வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பற்றியும்.

ஜெபல் அலியில் நமக்குத் தெரிந்த ரயில்கள் இரண்டு. 2009-ல் ஓடத் தொடங்கிய துபாய் மெட்ரோவில் ஓட்டுநரும் இல்லை, என்ஜின் உறுமலும் இல்லை. எதிஹாட் ரயிலின் சரக்கு வண்டிகளை இழுப்பவை ஈ.எம்.டி. நிறுவனத்தின் டீசல்கள். ஈரோடு, பொன்மலைப் பக்கம் வளர்ந்தவர்கள் காதில் நிற்கும் சத்தம் வேறு. அது ஆல்கோ நிறுவனத்தின் 251 வகை டீசல். 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 என்ஜினில் இருந்தது அதுவே. அமெரிக்க ரயில்களிலும் இதே வகை ஓடியது. அதனால் அங்கே பதிவு செய்து மாதிரி ரயில்களில் வைத்த ஒலி, நமக்கு ஊர்ச் சத்தமாகக் கேட்கிறது.

முன்பெல்லாம் தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் அதன்மேல் இருக்கும் எல்லா என்ஜினும் சேர்ந்து ஓடும். 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம், ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி எண் கொடுத்துக் கட்டளை அனுப்பும் முறையை உருவாக்கியது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் அதைப் பொதுத் தரமாக்கியது. அதுதான் டி.சி.சி. என்ஜினின் எண், வேகம், ஒலி அளவு யாவும் 'சி.வி.' எனப்படும் எண்ணிட்ட அறைகளில் பதிந்திருக்கும். புது என்ஜினின் எண் பெரும்பாலும் 3.

எட்டாம் அறையில் இருப்பது தயாரிப்பாளரின் அடையாள எண். ஈ.எஸ்.யு. என்றால் 151, சவுண்ட்டிராக்ஸ் என்றால் 141. அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. மாற்ற முடியாத இடத்தில் எழுதும் கட்டளை வீண்தானே? அந்த வீண் கட்டளையையே பல நிறுவனங்கள் ரீசெட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டன. எட்டாம் அறையில் 8 என்று எழுதினால் எல்லா அறைகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். இதைத் தரம் கட்டாயமாக்காததால் ஆளுக்கொரு வழியும் இருந்தது. எம்.ஆர்.சி. டிகோடர்களில் 125-ஆம் அறையில் 1. கியூ.எஸ்.ஐ. டிகோடர்களில் 49, 50, 56 ஆகிய அறைகளில் முறையே 128, 255, 113.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிரலாக்கத் தண்டவாளத்தில் குறைந்த மின்சாரமே பாயவேண்டும் என்று வகுத்தது, மோட்டாரை மட்டும் இயக்கிய டிகோடர்களை மனதில் வைத்து. ஒலி டிகோடர்கள் பல அதைவிட அதிகம் இழுக்கும். அதனால் 'டிகோடர் இல்லை' என்று கருவி சொல்லும். பலர் என்ஜின் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். இதற்கென்றே இடையில் இணைக்கும் சிறு பூஸ்டர்கள் பின்னர் விற்பனைக்கு வந்தன.

நம் ஊரில் இது ஏன் முக்கியம்? இங்கே யாரும் நிரந்தரமில்லை. வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர் கட்டில், ஃப்ரிட்ஜோடு மாதிரி என்ஜினையும் விற்றுவிட்டுப் போகிறார். என்னிடம் உள்ள ஆல்கோவும் அப்படி வந்ததுதான். பழைய எண் தெரியாவிட்டால் அது வாயே திறக்காது. ரீசெட் செய்தால் 3 என்ற எண்ணுக்குப் பேசும்.

ஆனால் ரீசெட் என்பது பழுது பார்ப்பதல்ல, மறக்க வைப்பது. உறுமலும் ஹாரனும் தனி நினைவகத்தில் இருப்பதால் அழியாது. அழிவது முன்னவர் காது கொடுத்துக் கேட்டுச் சரிசெய்த ஒலி அளவு, ஹாரன் தேர்வு, மெல்ல நகரும் வேகம். ஒருவர் பல மாலைகளில் செய்த வேலை ஒரு கட்டளையில் போய்விடும்.

ஆகவே நேயர்களே, முதலில் நிரலாக்கத் தண்டவாளத்தில் அறைகளைப் படித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய எண்ணும் தெரிந்துவிடும். பாதி நேரம் ரீசெட்டே தேவைப்படாது. செய்தே ஆகவேண்டுமென்றால் செய்து, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டு, குறித்து வைத்ததைத் திரும்ப எழுதுங்கள். விற்றுவிட்டுப் போகிறவர்களும் அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால் பெரிய உதவி.