ஒருசந்தியும் ஒரு கிண்ணம் சூப்பும்

லண்டனுக்கு வந்த புதிதில், 1989 தவக்காலத்து வெள்ளி ஒன்றில், பங்கு மண்டபத்தில் ஆளுக்கொரு கிண்ணம் சூப்பும் ஒரு துண்டு பாணும் தந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஓர் உறையை நீட்டினார்கள். வழக்கமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் மிச்சம் பிடித்ததை அதற்குள் போட வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் வருடம் முழுக்க இதே சாப்பாடுதான். சூப்புக்குப் பதில் சம்பல், பாணுக்குப் பதில் கோதுமை மா ரொட்டி.

தவக்கால நோன்பை அம்மா ஒருசந்தி என்பாள். நாளுக்கு ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது ஒருசந்தி. இறைச்சியை விலக்கினால் சுத்தபோசனம். பழைய ஜெபப்புத்தகங்களில் இந்த இரண்டு சொற்களும் இருக்கும். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ சைவக் கடையின் பெயர் என்று நினைப்பார்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு முட்டியில் போட்டு வைப்பாள் அம்மா. அந்தப் பிடியரிசி மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். 1974-ல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது அந்த முட்டி பல மாதம் வெறுமையாகக் கிடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அதனால்தான் லண்டனில் அந்த உறையைப் பார்த்ததும் சிரிப்புக்குப் பிறகு ஓர் எரிச்சலும் வந்தது. ‘ஒரு நாள் பட்டினி கிடந்து பார்க்கிறார்களாம்!’ என்று. அந்த எரிச்சலைத் தணித்தவர், சூப்புச் சட்டிக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற ஓர் ஆங்கிலேயப் பாட்டி. இந்த உறை வழக்கம் தொடங்கிய முதல் வெள்ளி அவருக்கு நினைவிருந்தது.

1960 தவக்காலம். கரீபியன் தீவான டொமினிக்கா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே ஒரு தாய்-சேய் மருத்துவ நிலையத்துக்கு உதவி கேட்டு வேண்டுகோள் வந்தது. இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகள் கூடிப் பேசின. கத்தோலிக்கப் பெண்கள் தேசிய வாரியம், கத்தோலிக்கப் பெண்கள் லீக், கத்தோலிக்கத் தாய்மார் சங்கம் ஆகியவை. எல்ஸ்பெத் ஆர்ச்சர்ட், நோரா வார்மிங்டன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். உண்டியல் குலுக்குவதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்கள்: ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு ஒரு வேளையைக் குறையுங்கள், அந்தக் காசைத் தாருங்கள். ‘குடும்ப நோன்பு நாள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாட்டி அப்போது இரண்டு கைக்குழந்தைகளின் தாய். போர்க்காலத்துப் பங்கீட்டு அட்டையை ஒழித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ‘இறைச்சியை அளந்து தின்ற கைப்பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை, அதனால் கஷ்டமாகத் தெரியவில்லை’ என்றார்.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 1962-ல் காஃபோட் என்ற உதவி நிறுவனத்தைத் தொடங்கினார்கள் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்கு இரண்டு வருடம் முந்தியே அடுப்படியில் வேலை தொடங்கியாகிவிட்டது. ஆயர்கள் அதற்கு ஓர் அலுவலகம் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கொடுப்பதோடு விஷயம் நிற்கவில்லை. 1967 மார்ச் 26-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ‘பொப்புலோரும் புரோகிரெசியோ’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். மக்களின் முன்னேற்றம் பற்றியது. அதில் 47-ஆம் பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். வசதியுள்ள மனிதனைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்கிறார். உன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கத் தயாரா என்பது முதல் கேள்வி. அது சுலபம். வளர்ச்சிப் பணிக்காகக் கூடுதல் வரி கட்டத் தயாரா, இறக்குமதியாகும் பொருளை விளைவித்தவனுக்கு நியாயம் கிடைக்க அதற்குக் கூடுதல் விலை தரத் தயாரா என்பவை அடுத்தவை. பங்கு மண்டபத்தில் இதை வாசித்துக் காட்டினால் முதல் கேள்விக்குத் தலையாட்டுகிறவர்கள் மற்ற இரண்டுக்கும் கூரையைப் பார்ப்பார்கள்.

விலைக் கேள்வி என் வீட்டு விஷயம். அம்மா விடிய ஆறரைக்குக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினவள். அவள் பறித்த நல்ல கொழுந்தெல்லாம் கப்பலேறிவிடும். லயத்தில் நாங்கள் குடித்த தேத்தண்ணி கடைசித் தரத் தூளில் போட்டது. 1992-ல் காஃபோட், கிறிஸ்டியன் எய்ட், ஆக்ஸ்ஃபாம், டிரெய்ட்கிராஃப்ட் முதலான அமைப்புகள் சேர்ந்து நியாய வணிகத்துக்கென்று ஃபேர்டிரேட் ஃபவுண்டேஷனைத் தொடங்கின. 1994-ல் அந்த முத்திரையோடு பிரிட்டிஷ் கடைகளுக்கு முதலில் வந்தவை ஒரு சாக்லேட், ஒரு காப்பி, ஒரு தேயிலை. பூசை முடிந்து வாசலில் ஒரு மேசை போட்டு இவற்றை விற்ற பங்குகள் ஏராளம். எங்கள் பங்கில் அந்த மேசை என் பொறுப்பு. சூப்பர் மார்க்கெட்டில் இதைவிட மலிவு என்று சொன்னவர்களிடம் அம்மாவின் கூடையைப் பற்றிச் சொல்வேன். வாங்கிவிடுவார்கள். அந்த முத்திரை தோட்டத்து நாள் சம்பளத்தை ஏற்றிவிட்டதா என்று கேட்டால் பெரிதாக இல்லை என்பேன். முத்திரைப் பொருளுக்குத் தரும் மேலதிகக் காசு ஒரு பொது நிதிக்குப் போகிறது. எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர்களின் குழு முடிவு செய்கிறது. அது நல்ல காரியம். சம்பளம் வேறு கதை.

விலைக்கு அடுத்தது ஏழை நாடுகளின் கடன். கீல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மார்ட்டின் டென்ட், முன்னாள் தூதர் பில் பீட்டர்ஸ் ஆகிய இருவர் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அடிமைகள் விடுதலையாக வேண்டும், நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அப்படியானால் 2000-ல் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளக் கூடாதா? யூபிலி 2000 இயக்கம் இப்படித்தான் வந்தது. 1998 மே 16-ல் பர்மிங்காமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து நகரின் நடுப்பகுதியைச் சுற்றி நின்றோம். எங்கள் பங்கிலிருந்து ஒரு கோச் வண்டி. நான் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போனேன்; கோச்சில் பாதிப் பேர் அதைத்தான் சாப்பிட்டார்கள், தங்கள் சாண்ட்விச்சை மறந்துவிட்டு. அன்றைக்குத் தலைவர்கள் நகரத்திலேயே இல்லை. வெஸ்டன் பார்க் என்ற நாட்டுப்புற மாளிகைக்குப் போய்விட்டிருந்தார்கள். யாருமற்ற கட்டடத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறோம் என்று பாட்டிக்கு ஒரே சிரிப்பு. ஆனாலும் டோனி பிளேர் திரும்பி வந்து இயக்கத்தாரைச் சந்தித்தார். மறுவருடம் கொலோன் மாநாட்டில் கடன் குறைப்பு அறிவிப்பு வந்தது. 2005 ஜூலையில் கடன் தள்ளுபடி முதலான கோரிக்கைகளோடு எடின்பரோவில் லட்சக்கணக்கானோர் வெள்ளை உடையில் திரண்டார்கள். நான் போகவில்லை, பேரன் பிறந்திருந்தான்.

இதற்குப் பிறகுதான் ‘எளிமையாக வாழ்’ வந்தது. 2007-ல் ஆறாம் சின்னப்பரின் அந்தச் சுற்றுமடலுக்கு நாற்பது வயது நிறைவதையொட்டிக் கத்தோலிக்க அமைப்புகள் சேர்ந்து லிவ்சிம்ப்ளி என்ற பெயரில் நடத்திய இயக்கம். பின்னாளில் காஃபோட் அதைப் பங்குகளுக்கான விருதாக ஆக்கியது. மூன்று தலைப்புகள்: எளிமையாக வாழ்வது, ஏழைகளுக்குத் தோள் கொடுப்பது, படைப்பைப் பாழாக்காமல் வாழ்வது. பங்கு ஒரு திட்டம் எழுத வேண்டும், செய்து காட்ட வேண்டும், வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தேறினால் சுவரில் மாட்டப் பலகை கிடைக்கும்.

எங்கள் பங்கில் இதற்கு முதல் கூட்டம் போட்டபோது ஓர் இளைஞர் நல்ல மனதோடுதான் என்னைக் கேட்டார்: ‘உங்கள் ஊரில் எளிமையாக வாழ்ந்திருப்பீர்களே, அனுபவத்தைச் சொல்லுங்களேன்.’ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர் படுத்தோம், வரிசை லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் என்றேன். அதற்கு எளிமை என்ற பேரை நாங்கள் வைக்கவில்லை, எங்களை யாரும் கேட்டு அப்படி வைக்கவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டிதான் கரண்டியால் மேசையைத் தட்டி, ‘சரி, இப்போது கொதிகலனைப் பற்றிப் பேசுவோம்’ என்றார். கோயிலைச் சூடாக்கும் கொதிகலன் பழையது, எரிவாயுவைக் குடித்துத் தள்ளியது. அதைத்தான் முதலில் திட்டத்தில் எழுதினோம்.

விருதைப் பற்றி இன்றும் எனக்கு அரை மனதுதான். ஆனால் பழைய வெள்ளியைப் பற்றி முழு மனது. இங்கிலாந்து ஆயர்கள் 1985-ல் தளர்த்தியிருந்த வெள்ளிச் சுத்தபோசனத்தை 2011 செப்டம்பர் 16 முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022-ல் அதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கத்தோலிக்கரில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர்தான் பழக்கத்தை மாற்றியிருந்தார்கள். அதிலேயே ஆண்டுக்கு 55,000 டன் கரியமிலவாயு குறைந்திருந்ததாம். அம்மாவிடம் சொல்லியிருந்தால், ‘இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிக்க வேண்டுமா’ என்றிருப்பாள்.

ஒரு வேண்டுகோள். 1960-ன் அந்த முதல் வெள்ளியில் ஒரு வேளையை மிச்சம் பிடித்த பெண்களுக்கு இப்போது தொண்ணூறு வயதாகியிருக்கும். அவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. இங்கிலாந்துப் பங்குகளில் இருக்கும் நம்மவர்கள், பூசை முடிந்து வெளியே வரும்போது முன் வரிசைப் பாட்டிகளிடம் கொஞ்சம் நின்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பங்கில் அகப்பை பிடித்தவர் போன நவம்பரில் போய்விட்டார். அவரிடம் நான் கேட்டு வைத்தது மேலே எழுதிய இந்தக் கொஞ்சம்தான்.