போர் இல்லாமல் முடிந்த பேரம்

போன எபிசோடில் அமெரிக்காவைப் பார்த்தோம். அடிமைமுறையை வைத்து 1820, 1850 என்று சமரசத்துக்கு மேல் சமரசம். கடைசியில் 1861இல் உள்நாட்டுப் போர். சரி, நம்ம ஊர்ல?

நான் பேசிக்கிட்டிருக்கிற நெல்லித்தோப்பிலிருந்து புதுச்சேரிக் கடற்கரை ரொம்பத் தூரமில்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து அடிமைகளை மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ஆட்களை ஏமாற்றிக் கடத்தியதை ஆனந்தரங்கப் பிள்ளையே நாட்குறிப்பில் எழுதியிருக்கார்.

1794இல் பாரிஸ் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. அதை அமல்படுத்த 1796இல் மொரீஷியஸ் போன பிரதிநிதிகளைத் தோட்ட முதலாளிகள் விரட்டிவிட்டார்கள். 1802இல் நெப்போலியன் முதலாளிகள் பக்கம் சாய்ந்தார். அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. 1848இல்தான் முழு ஒழிப்பு. அப்பவும் ஒரு பேரம்: 1849 சட்டப்படி நஷ்டஈடு முதலாளிகளுக்கு. விடுதலையானவங்களுக்கு? ஒரு காசு கிடையாது.

அப்புறம் கரும்பு யார் வெட்டுவது? 1860இல் லண்டனும் பாரிஸும் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் இந்தியக் கூலிகளை ரீயூனியனுக்கு அனுப்பலாம். கெடு ஐந்து வருஷம். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பல்கள் கிளம்பின. இது அடிமைமுறை இல்ல. கூலி உண்டு, கெடு உண்டு. ஆனா கொடுமைப் புகார்கள் குவிந்து, 1882இல் பிரிட்டிஷ் அரசே அதை நிறுத்த வேண்டியதாச்சு.

இங்கே போர் வரல. அதனாலேயே இதை அமைதியான தீர்வுன்னு சொல்லிட முடியுமா? என்னால முடியல. மேசையில் அரசுகள் இருந்தன, முதலாளிகள் இருந்தாங்க. கரும்பு வெட்டினவருக்கு அங்கே நாற்காலியே போடல.