கிண்ணமும் கதவும்

பந்தயம் என்றவுடன் யார் வென்றார், என்ன பரிசு பெற்றார் என்றே நாம் முதலில் கேட்கிறோம். ஆனால் பந்தயம் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே வேறொரு தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. களத்தில் யார் இறங்கலாம், எத்தகைய கருவியோடு இறங்கலாம், எந்த அளவுகோலால் அளக்கப்படுவர் என்பதே அத்தீர்ப்பு. அதனை நுழைவு விதி என்கிறோம். வென்றவர் பெயரை உலகம் நினைவில் வைக்கிறது. விதி எழுதியவரை மறந்து விடுகிறது. உல்லாசப் பாய்மரப் படகுகளின் பந்தய வரலாற்றைச் சற்றே புரட்டினால் இவ்வுண்மை தெளிவாக விளங்கும்.

சரக்கு ஏற்றுவதற்கோ மீன் பிடிப்பதற்கோ அல்லாமல், உலாவுவதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் என்றே கட்டப்படும் கலத்தை ‘யாட்’ என்பர். இங்கிலாந்தில் 1815ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், லண்டன் மாநகரின் விடுதியொன்றில் 42 கனவான்கள் கூடி இத்தகைய கலங்களுக்கென ஒரு கழகம் கண்டனர். பத்து டன்னுக்குக் குறையாத படகு உடையவரே அதில் சேரலாம் என்பது தொடக்ககால விதி. 1820இல் அரச ஆதரவுப் பெயர் பெற்ற அக்கழகம், 1833இல் ‘ராயல் யாட் ஸ்குவாட்ரன்’ ஆயிற்று. வைட் தீவிலுள்ள கௌஸ் துறைமுகம் அதன் இருப்பிடம். புதிய உறுப்பினரைச் சேர்ப்பது இரகசிய வாக்கெடுப்பால். பெட்டியில் கருப்புக் குண்டு விழுந்தால் கதவு மூடியது என்று பொருள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கழகத்தின் கதவு இவ்வாறு குறுகலாக இருந்தபோதிலும், பந்தயத்தின் கதவு ஒருமுறை அகலத் திறந்தது. 1851 ஆகஸ்டு 22ஆம் நாள் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் எல்லா நாட்டுக் கழகப் படகுகளும் கலந்து கொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. 1844இல் தோன்றிய நியூயார்க் யாட் கழகத்தின் தலைவர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸும் அவருடைய நண்பர்களும் ‘அமெரிக்கா’ என்னும் படகோடு வந்திருந்தனர். பதினைந்து படகுகள் புறப்பட்டன. ‘அமெரிக்கா’ முதலில் வந்து 100 பவுன் பெறுமானமுள்ள கிண்ணத்தை வென்றது.

அன்றே விதி பற்றிய வழக்கும் பிறந்தது. ‘நாப்’ என்னுமிடத்தில் நங்கூரமிட்டிருந்த விளக்குக் கப்பலை வெளிப்புறமாகச் சுற்ற வேண்டும் என்று ஓர் அறிக்கை கூறிற்று; இன்னோர் அறிக்கையில் அந்தச் சொல் இல்லை. ‘அமெரிக்கா’ உட்புறமாகச் சென்று வழியைச் சுருக்கிக் கொண்டது. முறையீடு எழுந்தும் வெற்றி மாறவில்லை. மேலும், பெரிய படகு சிறிய படகுக்கு நேரச் சலுகை தரும் வழக்கம் அன்று கைக்கொள்ளப்படவில்லை. இரண்டாவதாக வந்த ‘அரோரா’ 47 டன். வென்ற படகோ 170 டன். ஒரே நாளில், ஒரு சொல் விடுபட்டதும் ஓர் அளவுகோல் விடுபட்டதும் எத்துணை வேறுபாட்டுக்கு இடமளித்தன என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

கொடைப் பத்திரம்

வென்றவர்கள் 1857இல் அக்கிண்ணத்தை நியூயார்க் கழகத்துக்கே கொடையாக அளித்தனர். நாடுகளுக்கிடையே நட்புறவோடு நிகழும் போட்டிக்கு அது என்றென்றும் உரியது என்று பத்திரம் எழுதினர். எண்ணம் உயர்ந்தது. ஆனால் கிண்ணம் யாரிடம் இருக்கிறதோ, விதிக்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கிற்று.

1870இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆஷ்பரி ‘கேம்ப்ரியா’ என்ற படகோடு முதல் அறைகூவல் விடுத்தார். அந்த ஒற்றைப் படகுக்கு எதிராக நியூயார்க் கழகம் ஒரு படகுக் கூட்டத்தையே இறக்கியது. தனியொருவர் ஒரு படையோடு மோதுவது போட்டியாகுமா? மறு ஆண்டு அவர் ‘லிவோனியா’வைக் கொண்டு வந்தபோது, படகுக்குப் படகு என்ற முறை ஏற்கப்பட்டது. ஆயினும் காற்றின் போக்கைப் பார்த்து ஒவ்வொரு நாளும் தனக்கு ஏற்ற படகைத் தேர்ந்து நிறுத்தும் உரிமையைக் கழகம் தன் கையிலேயே வைத்துக் கொண்டது. 1876இல் கனடா நாட்டுப் படகு வந்தபோதுதான், தொடர் முழுவதற்கும் ஒரே படகு என்ற நியாயம் நிலைபெற்றது. ஒவ்வொரு திருத்தமும் தோற்றவரின் முறையீட்டால் வந்தது என்பது நம் கருத்துக்குரியது.

பத்திரம் 1882இலும் 1887இலும் திருத்தி எழுதப்பட்டது. பத்து மாதங்களுக்கு முன்பே அறைகூவலை எழுத்தில் தரவேண்டும். படகின் அளவுகளையும் முன்னரே தெரிவிக்க வேண்டும். ஒற்றைப் பாய்மரப் படகு, நீர்மட்டத்தில் 65 அடிக்குக் குறையாமலும் 90 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். அறைகூவும் கழகத்தின் நாட்டிலேயே படகு கட்டப்பட வேண்டும். அக்கழகம் கடலிலோ கடற்கிளையிலோ ஆண்டுதோறும் பந்தயம் நடத்துவதாக இருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வரும் படகு தன் சொந்தப் பாயிலேயே போட்டித் துறைமுகத்தை வந்தடைய வேண்டும். கிண்ணத்தைக் காப்பவர் தம் வாயிற்கடலில் ஓடுவதற்கு மட்டும் மெலிதான படகு கட்டினால் போதும். அறைகூவுபவரோ அட்லாண்டிக் பெருங்கடலைத் தாங்கும் வலிய படகைக் கட்டவேண்டும். தாளில் இருவருக்கும் ஒரே விதி. அதன் சுமையோ ஒருவர் தோளில் மட்டுமே விழுந்தது. 1956இல் நியூயார்க் நீதிமன்றத்தின் இசைவோடுதான் இவ்விதி நீக்கப்பட்டது. 65 அடி என்பதும் 44 அடியாகக் குறைக்கப்பட்டது.

மளிகைக் கடைக்காரரின் அறைகூவல்

இந்த வரலாற்றின் நடுவே ஒரு வணிகர் வருகிறார். அவர் பெயர் நம் இல்லங்களில் தேயிலைப் பொட்டலத்தின் மேல் நாம் பார்த்துப் பழகிய பெயர்தான். கிளாஸ்கோ நகரின் எளிய குடும்பத்தில் பிறந்த தாமஸ் லிப்டன், 1871இல் சிறு மளிகைக் கடை தொடங்கினார், கடைகள் பெருகின. 1890இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் தோட்டங்களை வாங்கினார். 1898இல் ‘சர்’ பட்டமும் பெற்றார்.

அவர் கிண்ணத்துக்குப் போட்டியிட விரும்பியபோது, ஒரு கழகத்தின் பெயரால்தான் நுழைய முடியும் என்ற விதி குறுக்கே நின்றது. கௌஸ் துறைமுகக் கனவான்களின் கழகத்தில் அவர் உறுப்பினர் அல்லர். ஆனால் எந்தக் கழகம் என்று பத்திரம் பெயர் குறிக்கவில்லை. அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் கழகத்தின் வழியாக அவர் நுழைந்தார். 1899, 1901, 1903 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ‘ஷாம்ராக்’ என்ற பெயர் தாங்கிய அவருடைய படகுகள் ஓர் ஓட்டத்திலும் வெல்லாமல் திரும்பின.

நான்காம் படகு 1914இல் கடலைக் கடந்து கொண்டிருந்தபோதே உலகப்போர் மூண்டது. போட்டி 1920க்குத் தள்ளிப் போயிற்று. முதல் இரண்டு ஓட்டங்களிலும் லிப்டனே வென்றார். இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் அவருடையது. மூன்றாம் ஓட்டத்தில் இரு படகுகளும் எடுத்துக்கொண்ட நேரம் நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தது. ஆனால் அளவு விதிப்படி ‘நான்காம் ஷாம்ராக்’ எதிரிக்கு 7 நிமிடம் 1 நொடி நேரச் சலுகை தரவேண்டியிருந்தது. கடலில் சமமாக வந்தவர் கணக்கில் தோற்றார். அடுத்த இரண்டு ஓட்டங்களும் கைநழுவின. அவர் வழக்காடவில்லை. விதியை அறிந்தே நுழைந்தவர், அதன் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்.

1930இல், முதுமையில், ஐந்தாம் முறையும் வந்து தோற்றார். தோற்றவருக்கென்றே அமெரிக்க மக்கள் நிதி திரட்டி ஒரு பொற்கிண்ணம் வழங்கினர். ராயல் யாட் ஸ்குவாட்ரன் அவரை உறுப்பினராக ஏற்றது 1931இல். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் காலமானார். கதவு திறந்தது, உள்ளே அமரத்தான் காலம் இல்லை. கிண்ணமோ 132 ஆண்டுகள் அமெரிக்காவிலேயே இருந்து, 1983 செப்டம்பரில்தான் ஆஸ்திரேலியப் படகிடம் சென்றது.

மலைமீது இன்னொரு கதவு

இவ்வளவோடு நாம் நிறுத்திவிட முடியாது. ஷாம்ராக் படகுகளை மிதக்கவிட்ட செல்வத்தில் ஒரு பங்கு இலங்கை மலைகளின் தேயிலையிலிருந்து வந்தது. அத்தேயிலையைக் கொய்த விரல்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைகளின் விரல்கள். மலைநாட்டை ஆளாக்கிய அம்மக்களுக்கும் ஒரு நுழைவு விதி எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் அம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன் வீடுகளில் அச்சான்றுக்கு எங்கே போவது? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

லிப்டனுக்கு ஒரு கழகம் மூடிய கதவை இன்னொரு கழகம் திறந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மாற்றுக் கழகம் ஏது? விளையாட்டில் கதவு மூடினால் ஒரு கிண்ணம் போகும். நாட்டில் கதவு மூடினால் ஒரு தலைமுறை போய்விடும்.

விதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதியில்லாத கடலில் வலியவனே வெல்வான். ஆனால் விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, அதன் சுமை இரு தோளிலும் விழுகிறதா, தோற்றவன் முறையிட்டால் கேட்பார் உண்டா என்ற மூன்றையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். படகுப் பந்தயத்தில் அக்கேள்விகளுக்கு விடை காண நூறாண்டு ஆயிற்று. நம் ஊர்ச் சங்கங்களிலும் நிருவாகச் சபைகளிலும் உறுப்பினர் விதி எழுத அமரும்போது, பேனாவைத் திறக்குமுன் அக்கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக் கொள்வது நல்லது.