இருண்ட இரவுக்கு மறுநாள் ஒரு பள்ளி

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி இரவு, பிபிசியின் இரண்டாவது அலைவரிசை நகைச்சுவை, இசை நாடகம், வாணவேடிக்கை என்று ஆரவாரமாகத் தொடங்கவிருந்தது. பாட்டர்சீ மின்நிலையத்தில் நேர்ந்த தீவிபத்து மேற்கு லண்டனை இருளில் ஆழ்த்த, விழா நின்றுபோயிற்று. மறுநாள் காலை 11 மணிக்கு, திட்டமிட்டபடி ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கான 'பிளே ஸ்கூல்'. பெரியவர்களின் கொண்டாட்டத்தைக் குழந்தைகள் முந்திக்கொண்ட இந்தத் தற்செயலில் ஓர் அழகு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை பிரித்தானியத் தொலைக்காட்சி குழந்தையைத் தனியே சந்தித்ததில்லை என்றே சொல்லலாம். 1950இல் வந்த 'ஆண்டி பாண்டி' பொம்மலாட்டமும் அதன் உடன்பிறப்புகளும் சில ஆண்டுகளில் 'வாட்ச் வித் மதர்' என்ற பெயரின்கீழ் சேர்ந்தன. 'அம்மாவுடன் பார்' என்ற அந்தத் தலைப்பே ஓர் உறுதிமொழி: இந்தப் பெட்டி தாயின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாது. போர்க்காலத்தில் திறக்கப்பட்ட மழலையர் காப்பகங்கள் பலவும் மூடப்பட்டு, தாய்மார்கள் வீடு திரும்பியிருந்த காலம் அது. பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்காக மாலை 6 முதல் 7 மணி வரை ஒளிபரப்பையே நிறுத்திவைக்கும் வழக்கமும் 1957 வரை நீடித்தது. இன்று அதை நினைத்தால் வியப்பும் கொஞ்சம் பொறாமையும் ஏற்படுகின்றன.

ஜாய் விட்பி உருவாக்கிய 'பிளே ஸ்கூல்' வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. நாட்டில் மழலையர் பள்ளிகளில் இடம் போதவில்லை. இடம் கிடைக்காத குழந்தைக்கு, பள்ளி வீட்டுக்கு வரட்டும் என்பது எண்ணம். தொகுப்பாளர் கேமராவை நோக்கி, கூட்டத்திடம் பேசுவதுபோல் அல்லாமல், எதிரில் அமர்ந்திருக்கும் ஒரே ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். வட்டம், சதுரம், வளைவு என்று மூன்று சன்னல்கள். இன்று எதன் வழியே பார்ப்பது என்ற கேள்வி. சன்னலுக்கு அப்பால் வெளியுலகத்தின் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

இதற்கான ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். நேர்முகத்துக்கு வந்த நடிகர் பிரையன் காண்டிடம் விட்பி ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டி, அதில் ஏறிக் கடலுக்குத் துடுப்புப் போடச் சொன்னார். அவர் போட்டார், தூண்டிலும் வீசினார், கஸ்டர்ட் நிரம்பிய ரப்பர் பூட்ஸ் ஒன்றைப் பிடித்தார். வேலை கிடைத்தது.

1971இல் அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' பிபிசியின் வாசலுக்கு வந்தபோது, குழந்தைகள் பிரிவின் தலைவர் மோனிகா சிம்ஸ் மறுத்துவிட்டார். குழந்தையின் நடத்தையை மாற்ற முனையும் அதிகாரத் தொனி அதில் இருப்பதாக அவர் கருதினார். விளம்பரத்தின் வேகத்தில் எழுத்தையும் எண்ணையும் புகட்டும் முறைமீது அவருக்கிருந்த ஐயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மறுப்பில் ஒரு வசதியான மேட்டிமையும் கலந்திருந்தது. 'செசமி ஸ்ட்ரீட்' நகரத்து ஏழைக் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுந்தது. பள்ளியில் இடம் கிடைக்காதவர்களுக்கான 'பிளே ஸ்கூ'லோ, 625 வரிகளில் இயங்கும் புதிய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் மட்டுமே தெரியும் அலைவரிசையில், அதுவும் முதலில் லண்டன் வட்டாரத்துக்கு மட்டுமாகத் தொடங்கியது. யாருக்காகப் பள்ளி திறந்தார்களோ, அவர்களில் எத்தனை பேரால் அன்று அந்தக் கதவைப் பார்த்திருக்க முடியும்?

எனினும் கதவு மெல்லத்தான் அகன்றது. அறுபதுகளிலேயே பால் டான்குவா என்ற கறுப்பினத் தொகுப்பாளர் அங்கே இருந்தார். டிரினிடாடில் பிறந்த ஃபுளோயெல்லா பெஞ்சமின் 1976இல் வந்தார். கதைகளுக்கு வரையப்படும் படங்களில் எல்லா நிறத்து முகங்களும் இடம்பெற வேண்டும் என்று கேட்டார். தொகுப்பாளர்கள் பலருக்கும் பிடிக்காத ஹாம்பிள் என்ற வெள்ளைப் பொம்மை, 1986இல் பாப்பி என்ற கறுப்புப் பொம்மைக்கு இடம் விட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

நிகழ்ச்சி 1988இல் முடிந்தது. அதன் ஒளிநாடாக்களில் பெரும்பகுதியை பிபிசியே அழித்துவிட்டது. குழந்தைகள் நிகழ்ச்சியைச் சேமித்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். பெஞ்சமின் 2010இல் பிரபுக்கள் சபையின் உறுப்பினரானார். அன்று சன்னலுக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் இன்று நரைத்த தலையோடு அவரைச் சந்திக்கும்போது, 'பிளே ஸ்கூல் குழந்தைகள்' என்றே அவர் அவர்களை அழைக்கிறார்.